சிவப்பு விளக்கு எரிந்தால் சென்சார்தான் காரணமா?

கேள்வி: ஐயா, என்னுடையது பழைய மைவி கார். காலையில் கிளம்பும்போது ஒன்றும் தெரிவதில்லை. சாயங்காலம் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் நின்று நின்று வரும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குகிறது, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடுகிறது. பட்டறையில் ஆயில் அழுத்தத்தைப் பார்க்கும் சென்சாரை மாற்றினார்கள், மறுபடியும் அதே கதைதான். இப்போது இன்னொரு சென்சார் போடச் சொல்கிறார்கள், போடலாமா?
— வாசகர், செந்தூல்

பதில்: வேண்டாம். புது சென்சாரும் அதையேதான் சொல்கிறது என்றால் அது சொல்வது உண்மையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எஞ்சின் சூடானதும் ஆயில் இளகிவிடும், ஐடிலில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, ஆயில் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும், இரண்டும் சேர்ந்து அழுத்தம் இறங்கும்போதுதான் விளக்கு மினுக்கும், மிதித்ததும் பம்ப் வேகமெடுத்து அழுத்தம் ஏறுவதால் அணையும். கெட்டுப்போன சென்சார் இப்படிச் சூட்டையும் வேகத்தையும் பார்த்து ஒழுங்காக நடந்துகொள்வது அபூர்வம்.

முதலில் காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் சென்சார் கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள், ஆயில் கசிந்து ஈரமாக இருந்தால் சென்சாரின் உள்சவ்வு கிழிந்திருக்கிறது, அப்போது மட்டும் தயங்காமல் மாற்றலாம். ஒற்றை வயர் வரும் வகையாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு: வயரைக் கழற்றிவிட்டுச் சாவியை 'ஆன்' வரை திருப்புங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால் வயர் எங்கோ உரசி எஞ்சின் உடலைத் தொடுகிறது, சென்சார்மீது பழி போட வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், சென்சார் இருந்த துளையில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி அளக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கும் அளவுக்கு எஞ்சின் சூடான பிறகுதான் அளக்க வேண்டும், குளிர்ந்த எஞ்சினில் அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். எஞ்சின் வேகம் 1000 ஆர்பிஎம்முக்கு ஆயில் அழுத்தம் 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு, உங்கள் எஞ்சினுக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் ஆயில் கிரேடு தவறாக இருக்கலாம், எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியின் வடிகட்டியில் கசடு அடைத்திருக்கலாம், பம்ப்போ பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். அப்புறம், கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றாதீர்கள், நெரிசலில் வண்டி நகராவிட்டாலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது!

அதுவரை இந்தக் காரை ஓட்டாதீர்கள். அழுத்தம் உண்மையிலேயே இல்லையென்றால் சில நிமிடத்திலேயே பேரிங் போய்விடும், அப்புறம் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான்.

கேள்வி: என் காரில் எரிவது மஞ்சள் ஆயில் விளக்கு. வீடு வரை ஓட்டலாமா?
— வாசகி, பெட்டாலிங் ஜெயா

பதில்: மஞ்சள் பெரும்பாலும் ஆயில் அளவைக் குறிப்பது. ஓரமாக நிறுத்தி டிப்ஸ்டிக் பாருங்கள், குறைந்திருந்தால் அதே கிரேடு ஆயிலை ஊற்றிவிட்டு ஓட்டுங்கள். அளவு சரியாக இருந்தும் சமதளத்தில் விளக்கு அணையாவிட்டால், அங்கே லெவல் சென்சாரைச் சந்தேகிக்கலாம். சிவப்பு எரிந்தால் மட்டும் எஞ்சினை உடனே அணைத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.