கால்பந்து கிளப்பில் எந்த ஆட்டக்காரரை எடுப்பது என்ற முடிவு யார் கையில் இருக்க வேண்டும்? பயிற்சியாளரா, ஸ்போர்ட்டிங் டைரக்டரா (ஆள் எடுப்பதைக் கவனிக்கிற நிர்வாகி), ஓனரா?

கோச் கையில் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்கிற நான் கோச்சுகளுக்கு எதிரி இல்லை. வேலூரில் ஒரு பேட்டை கிளப்புக்கு ஆறு வருஷம் செயலாளராக இருந்து, கோச் கையில் கொடுத்துச் சூடு பட்டவன். அவ்வளவுதான்.

எங்கள் கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இருபது பையன்கள், நாலு பந்து, வருஷத்துக்கு ஒரு நன்கொடை நோட்டீஸ். ஒரு வருஷம் நல்ல கோச் ஒருத்தர் கிடைத்தார். வந்த அன்றைக்கே, "பசங்கள நான் பாத்துக்கறேன் செக்ரெட்ரி, நீங்க பூட்ஸும் பஸ் சார்ஜும் பாத்துக்கோங்க" என்றார். எனக்கு ஏக சந்தோஷம், பாதி வேலை போச்சே என்று. அவர் முன்பு பார்த்துக்கொண்டிருந்த அரக்கோணம் பக்கத்து டீமிலிருந்து ஐந்து பையன்களைக் கூட்டி வந்தார். தோட்டப்பாளையத்தில் ஒரு ரூம், பக்கத்திலேயே ஒரு மெஸ். இந்த ஐந்து பேருக்கு இடம் விட, எங்கள் தெருப் பையன்கள் ஐந்து பேரை உட்கார வைத்தோம். முன்னால் நெட்டையாக ஒருத்தன், பின்னாலிருந்து அவன் தலைக்குத் தூக்கி அடிப்பது. அதுதான் அவருடைய ஆட்டம். அந்த ஐந்து பேருக்கும் அது அத்துப்படி. அந்த சீசனில் நன்றாகவே ஆடினோம், அதை மறுக்க முடியாது.

பொங்கல் முடிந்ததும் அவருக்கு ஓசூரில் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியார் வேலை கிடைத்தது. போய்விட்டார். நியாயம்தான், நாங்கள் கொடுத்தது பெட்ரோல் காசுகூட இல்லை. ஆனால் பையன்கள் ஐந்து பேரும் ரூமில் இருக்கிறார்கள். அடுத்து வந்த கோச் தரையோடு பாஸ் ஆடச் சொல்கிறவர். நெட்டையன் திருதிருவென்று முழித்தான். மெஸ் அக்கா ஒரு நாள் கால்குலேட்டர் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி என் கையில் கொடுத்தார்: ஐந்து பேர், இருபத்தாறு நாள், பரோட்டா தனி. கோச்சுக்கு போன் போட்டேன். "இன்னா செக்ரெட்ரி, நான் இப்ப அங்க இல்லியே" என்றார். பொய் இல்லையே! அவர் அங்கே இல்லைதான். உட்கார வைத்த எங்கள் தெருப் பையன்கள் காட்பாடி டீம் ஒன்றில் சேர்ந்து அடுத்த வருஷம் எங்களையே அடித்தார்கள்.

இந்தக் கதையில் இருக்கிற கணக்குதான் கோடிகள் புரளும் கிளப்புகளிலும். ஆட்டக்காரருக்கு நாலு வருஷம், ஐந்து வருஷம் ஒப்பந்தம். கோச் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தால் பெரிய விஷயம். போகப்போகிறவர் வாங்குகிறார், இருக்கப்போகிறவர்கள் கட்டுகிறார்கள்.

லிவர்பூலில் 2015 கோடையில் நடந்ததைப் பாருங்கள். அங்கே அப்போது ஆள் எடுக்க ஒரு கமிட்டி இருந்தது, மேனேஜர் (அங்கே கோச்சுக்கு அதுதான் பெயர்) பிரெண்டன் ராட்ஜர்ஸுக்கும் அதில் இடம் உண்டு. கமிட்டிக்காரர்கள் ஜெர்மனியின் ஹாஃபன்ஹைம் கிளப்பிலிருந்து ஃபிர்மினோவை எடுக்கச் சொன்னார்கள். ராட்ஜர்ஸ் ஆஸ்டன் வில்லாவின் பென்டெகேதான் வேண்டும் என்றார். சண்டை எதற்கு என்று இரண்டு பேரையும் வாங்கினார்கள், பென்டெகேவுக்கு மட்டும் 3.25 கோடி பவுண்ட். அக்டோபரில் ராட்ஜர்ஸ் வேலை போனது. அடுத்து வந்த யுர்கன் கிளாப்பின் ஓட்ட ஆட்டத்துக்கு பென்டெகே ஒத்துவரவில்லை, அடுத்த கோடையே கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றார்கள். ஃபிர்மினோ 2023 வரை எட்டு வருஷம் இருந்தார், ஐரோப்பியக் கோப்பை, லீக் கோப்பை எல்லாம் பார்த்துவிட்டுப் போனார். கேட்டு வாங்கினவர் மூன்று மாதத்தில் காலி.

மான்செஸ்டர் யுனைடெட் கதை இன்னும் மோசம். 2022-ல் கோச்சாக வந்த எரிக் டென் ஹாக், தான் முன்பு நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பில் வைத்திருந்த ஆண்டனியைக் கேட்டார். 9.5 கோடி யூரோ கொடுத்தார்கள், 2027 வரை ஒப்பந்தம் போட்டார்கள். 2024 அக்டோபரில் டென் ஹாக்கை அனுப்பினார்கள். ஆண்டனியை முதலில் ஸ்பெயினின் பெட்டிஸ் கிளப்புக்குக் கடனாக அனுப்பி, 2025-ல் அங்கேயே விற்றபோது கை சேர்ந்தது வாங்கிய விலையில் கால்பங்கு அளவு. எங்கள் நெட்டையன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

"அப்படியானால் ஃபெர்குசன்?" என்று உடனே பின்னூட்டம் வரும் என்று தெரியும். சரி, ஃபெர்குசன். 1986-லிருந்து 2013 வரை அதே யுனைடெட்டில் கோச்சாக இருந்தவர் அவர். கோச், ஸ்போர்ட்டிங் டைரக்டர் இரண்டும் ஒரே ஆளாக இருந்த கடைசித் தலைமுறை. இன்று வாங்கிய பையன் நாலு வருஷம் கழித்து என்ன ஆவான் என்று பார்க்க அவர் அங்கேயே இருக்கப்போகிறார், அதனால் அவர் கையில் கொடுத்ததில் தப்பில்லை. அவருக்கும் சறுக்கியது உண்டு. 2010-ல் பெபே என்ற போர்ச்சுக்கல் பையனை, ஆட்டத்தை நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காமல் வாங்கியதை அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தப்பையும் அவரேதான் சுமந்தார். ஆர்சனலில் 1996 முதல் 2018 வரை இருந்த வெங்கரும் அதே ரகம். பதினெட்டு மாதத்தில் பெட்டி கட்டுகிற இந்தக் காலத்துக் கோச்சுக்கு அவர்கள் வைத்திருந்த அதிகாரத்தைக் கொடுங்கள் என்றால் எப்படி?

2013-ல் ஃபெர்குசனோடு சேர்ந்து, பேரம் பேசுகிற தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் போனார். எங்கள் ஊரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில், அதிகாரமில்லாப் போலீஸ். (சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் பாலாறும் கரைபுரண்டு ஓடியது. ஆகவே கிண்டலில் பாதி காலாவதி.) யுனைடெட் அப்போது ராஜா இல்லாக் கோட்டைதான். எட்டு வருஷம் ஓட்டிவிட்டு 2021-ல்தான் முதன்முதலாக ஃபுட்பால் டைரக்டர் என்று ஒருத்தரைப் போட்டார்கள். அதற்குள் ஒவ்வொரு கோச்சும் தன் ருசிக்கு ஆள் சேர்த்துவிட்டுப் போயாயிற்று. வான் ஹால் காலத்தில் வந்த டி மரியா ஒரே சீசனில் கிளம்பினார்.

கோச் கையில் விட்டால் கெடுதல் இல்லாத ஒரு சந்தர்ப்பமும் உண்டு. நம் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கிய 2014-ல் மொத்த சீசனும் அக்டோபர் 12-ல் ஆரம்பித்து டிசம்பர் 20-ல் முடிந்தது. சென்னையின் எஃப்.சி.க்கு மட்டராசி கோச்சாகவும் இருந்தார், ஆடவும் செய்தார். சீசன் பாதியில் தன் பழைய இத்தாலி அணித் தோழர் நெஸ்டாவும் வந்து சேர்ந்தார். கல்யாணத்துக்கு வந்த பந்தல்காரர்கள் மாதிரி, இரண்டு மாதச் சொச்சத்தில் வேலை முடிந்தது. பாக்கி வைக்க ஆள் இல்லை. சீசன் நீண்டு, பல வருஷ ஒப்பந்தங்கள் வந்தபிறகு அது செல்லாது.

சரி, கோச் வாயைப் பொத்திக்கொண்டு கொடுத்ததை வைத்து ஆட வேண்டுமா? அதுவும் கிடையாது. நியூகாசிலில் 2008-ல் நடந்தது அதற்குச் சாட்சி. மேனேஜர் கெவின் கீகன். அவருக்கு மேலே டென்னிஸ் வைஸ் என்று ஒரு டைரக்டர். வலென்சியாவிலிருந்து கொன்சாலெஸ் என்ற உருகுவேக்காரரைக் கடனாக எடுக்கலாம் என்று மேலிடம் சொல்ல, அப்படி ஒருத்தரைத் தெரியாதே என்றார் கீகன். யூடியூபில் பாருங்கள் என்று பதில் வந்தது. இரண்டு ஏஜென்ட்டுகளுக்குச் செய்கிற உபகாரம் என்பதுதான் உள்ளே இருந்த விஷயம். கீகன் வேண்டாம் என்று சொல்லியும் எடுத்தார்கள், அவர் ராஜினாமா செய்தார். 2009-ல் தீர்ப்பாயம் கீகன் பக்கம் நின்று, 20 லட்சம் பவுண்ட் கொடுக்கச் சொன்னது. கொன்சாலெஸ் இரண்டு தடவை மாற்று ஆளாக இறங்கியதோடு சரி.

ஆகவே கோச்சுக்கு "இவன்தான் வேண்டும்" என்கிற அதிகாரம் வேண்டாம், "இவன் வேண்டாம்" என்கிற அதிகாரம் கட்டாயம் வேண்டும். நான் வேலை பார்ப்பது ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், தோல் எடுக்கிற பிரிவில். எங்களிடம் நடப்பதும் இதுதான். தோல் வந்து இறங்கினால் ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி திருப்பிப் பார்ப்போம். உண்ணி கடித்த தழும்பு, உரிக்கும்போது பட்ட கத்தி, கழுத்துச் சுருக்கம். பிறகு வயிற்றுப் பக்கத்தைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். அங்கே தோல் தளர்வாக இருக்கும், ஷூவின் முன்பக்கத்துக்கு ஆகாது. கட்டிங் மாஸ்டருக்கு எப்போதும் முதல் தரம் வேண்டும், ஏனென்றால் அவர் கணக்கு இன்றைய ஆர்டரோடு முடிகிறது. முதலாளிக்கு விலை. வாங்குகிறவன்தான் மிச்ச ஸ்டாக்கோடு அடுத்த வருஷமும் குடித்தனம் நடத்த வேண்டியவன், அதனால் கையெழுத்து அவனுடையது. ஆனால் கட்டிங் மாஸ்டர் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்து "ஆகாது" என்றால் அதைத் திருப்பி அனுப்புவோம். மல்லுக்கட்டுவதில்லை. கத்தி பிடிக்கிறவர் அவர்.

இந்த முறை ஒழுங்காக ஓடினால் என்ன நடக்கும் என்பதற்கும் லிவர்பூலையேதான் காட்ட வேண்டும். 2017-ல் கிளாப்பின் கண் யூலியான் பிராண்ட் என்ற ஜெர்மன் ஆட்டக்காரர் மேல். ஸ்போர்ட்டிங் டைரக்டர் மைக்கேல் எட்வர்ட்ஸும் ஸ்கவுட்டுகளும் (ஊர் ஊராக ஆள் தேடுகிறவர்கள்) சாலா, சாலா என்று அவர் காதைக் கடித்துக்கொண்டே இருந்தார்கள். கிளாப் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், அந்த உரிமை அவருக்கு இருந்தது. சொல்லவில்லை, கேட்டுக்கொண்டார், பின்னால் அவர்களுக்குத்தான் பெருமை என்று வெளிப்படையாகவும் சொன்னார். இதில் வேடிக்கை, சாலாவை விற்றது இத்தாலியின் ரோமா கிளப். விற்ற டைரக்டர் மொன்சி. முன்பு ஸ்பெயினின் செவில்லா கிளப்பில் யாருக்கும் தெரியாத டானி ஆல்வெஸ் மாதிரி ஆட்களைப் பொறுக்கி எடுத்து, பெரிய விலைக்கு விற்றுப் பேர் வாங்கிய அதே மொன்சி. ரோமாவின் கணக்கு வழக்கு நெருக்கடியில் விற்றே ஆக வேண்டியிருந்தது. எவ்வளவு கெட்டிக்கார டைரக்டரானாலும் கஜானா காலியென்றால் கெட்டிக்காரத்தனம் எதிர்க்கட்சிக்குப் போகிறது.

ஓனரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. எவ்வளவு பணம் என்று சொல்லட்டும், அதோடு போதும். எங்கள் கிளப்புக்கு ஜெர்சி வாங்கிக் கொடுத்த ஒரு புண்ணியவான், தன் அக்கா மகனுக்கு பத்தாம் நம்பர் கேட்டார். கொடுத்தோம். ஜெர்சி நல்ல துணி. இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப் ஓனர் டோனி புளூம் புள்ளிவிவரத்தை வைத்துப் பந்தயம் கட்டியே பணம் பண்ணியவர். அவருக்கு நான் சொன்னது பொருந்தாது, அவர் விதிவிலக்கு. ஆனால் அங்கேயும் பார்க்க வேண்டியது, 2022 செப்டம்பரில் கோச் கிரஹாம் பாட்டரை செல்சி தூக்கிக்கொண்டு போனபிறகும் ஆள் எடுக்கிற இயந்திரம் நிற்கவில்லை. அந்த சீசனை ஆறாவது இடத்தில் முடித்து, முதல் தடவையாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனார்கள். சுமார் 45 லட்சம் பவுண்டுக்கு எடுத்த கைசெடோவை 2023-ல் அதே செல்சிக்கு 11.5 கோடிக்கு விற்றார்கள்.

கிண்டலில் வருகிற அதிகாரமில்லாப் போலீஸ் இங்கேதான் முக்கியம். ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, முடிவை ஓனரும் ஏஜென்ட்டும் கோச்சும் காரிடாரில் பேசி எடுக்கிற கிளப்புகள் ஏராளம். அதற்கு டைரக்டரே இல்லாமல் இருக்கலாம், சம்பளமாவது மிஞ்சும்.

மெஸ் பாக்கிக்குப் பிறகு நாங்களும் மாற்றினோம். எங்கள் பேட்டையில் போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மாமா இருக்கிறார். நேதாஜி ஸ்டேடியம், பள்ளிக்கூட மைதானம், எங்கே பந்து உருண்டாலும் சைக்கிளை நிறுத்திவிடுவார். நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் பையன்களின் பெயர், எந்தக் கால், அப்பா என்ன வேலை, ஊரில் இருப்பானா போய்விடுவானா என்று எழுதி வைப்பார். பந்து காலில் இருக்கும்போது எவனும் நன்றாகத்தான் தெரிவான், பறிகொடுத்தபிறகு பத்து எண்ணு, அதுவரை அவன் என்ன செய்கிறான் பாரு என்பார். அவர் பெயர் எழுதிக் கொடுக்கிறார், கோச் வேண்டாம் என்றால் அந்தப் பெயரை அடித்துவிடுகிறோம், நான் காசு இருக்கிறதா என்று சொல்கிறேன். மாமாவுக்கும் தப்பும். "குள்ளம், காற்றில் பறப்பான்" என்று அவர் எழுதி ஒதுக்கிய ஒருத்தன் பின்னால் யுனிவர்சிட்டி டீமுக்கு ஆடினான். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், கேட்டால் எடுத்தே காட்டுவார். ஓசூர் போனவரிடம் அப்படி ஒரு பக்கம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

இப்போது மூன்றாவது கோச் வந்திருக்கிறார். பையன்களில் பாதிக்கு மேல் அதே பையன்கள். மெஸ் பாக்கி நானூறு ரூபாய் இன்னும் நிற்கிறது. அக்கா கேட்பதில்லை, நானும் தோட்டப்பாளையத்தில் அந்தத் தெருப் பக்கம் அதிகம் போவதில்லை.