கென்ட் நகரில் எந்தப் பகுதியில் தங்குவது?

வாசகர் கேள்வி: எங்கள் மகள் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பை முடிக்கிறாள். வரும் ஜூலை மூன்றாம் வாரத்தில் நானும் என் மனைவியும் ஐந்து இரவுகள் அங்கே தங்க நினைக்கிறோம். எனக்கு வயது 63, முழங்கால் வலி உண்டு. மனைவி சுத்த சைவம். பழைய நகரத்தின் நடுவிலேயே அறை எடுப்பதா, ரயில் நிலையத்தின் அருகில் எடுப்பதா என்று குழப்பமாக இருக்கிறது. ஊரின் வரலாற்றையும் ஓரளவு தெரிந்துகொண்டு போக ஆசை.

பதில்: இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் தேதியைப் பற்றிப் பேசியாக வேண்டும். நீங்கள் குறிப்பிடும் வாரத்தில்தான், பெல்ஜியத்தின் தேசிய நாளான ஜூலை 21ஐ ஒட்டி, 'கென்ட்சே ஃபேஸ்டன்' எனப்படும் பத்து நாள் நகரத் திருவிழா நடக்கிறது. இது 1843இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு வட்டாரமும் தனித்தனியாகத் திருவிழா கொண்டாடியதால் தொழிலாளர்கள் அடிக்கடி வேலைக்கு வராமல் போகிறார்கள் என்று ஆலை முதலாளிகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஒரே விழாவாகச் சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும் என்பது அன்றைய கணக்கு. இன்று அது ஐரோப்பாவின் பெரிய தெருத் திருவிழாக்களில் ஒன்று. அந்தப் பத்து நாட்களில் அறை வாடகை பெரிதும் உயரும். நகர மையத்தின் சதுக்கங்களில் இசை நள்ளிரவைத் தாண்டியும் ஒலிக்கும், விளாஸ்மார்க்ட் என்ற சதுக்கத்தில் விடியும்வரை கூட்டம் கலையாது. மையத்தின் வழியே டிராம்களும் வழக்கம்போல் ஓடுவதில்லை. முழங்கால் வலியோடு வருபவருக்கு இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. எனவே என் முதல் பரிந்துரை, பயணத்தை ஜூலை முதல் வாரத்துக்கு முன்னகர்த்துங்கள் அல்லது ஆகஸ்டுக்குத் தள்ளுங்கள் என்பதே. மகளின் வசதிக்காகத் தேதியை மாற்ற முடியாது என்றால், கீழே நான் சொல்லும் பிரின்சென்ஹோஃப் பகுதியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி ஊருக்கு வருவோம். லையே, ஸ்கெல்டே என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் பிறந்த ஊர் கென்ட். 'கூடல்' என்ற பொருளுடைய பழைய கெல்டிக் சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது என்பார்கள். ஏழாம் நூற்றாண்டில் எழுந்த இரண்டு மடங்கள், கோமகன்களின் கோட்டை, வணிகர்களின் படித்துறை, பிற்கால நூற்பாலைகள் என்று ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வட்டாரத்தை உருவாக்கியது. அந்த வட்டாரங்கள் இன்றும் தங்கள் பழைய குணத்தை விடவில்லை. சந்தையாக இருந்த இடத்தில் இன்றும் சத்தம் இருக்கிறது. அரண்மனைத் தோட்டமாக இருந்த இடத்தில் இன்றும் அமைதி இருக்கிறது. அதனால்தான் இந்த ஊரில் அறை தேடுபவர் ஓட்டலின் நட்சத்திரங்களைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தெரு முன்பு என்னவாக இருந்தது என்று பார்ப்பது நல்லது.

விளம்பரப் படங்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய, படிக்கட்டுபோல் ஏறி இறங்கும் முகப்புகளோடு ஆற்றங்கரையில் நிற்கும் வீடுகள் கிராஸ்லை, கோரென்லை என்னும் எதிரெதிர்க் கரைகளில் இருக்கின்றன. இதுதான் இடைக்காலத் துறைமுகம். கோரென் என்றால் தானியம். பதினான்காம் நூற்றாண்டில் சுமார் 60,000 பேர் வாழ்ந்த கென்ட், ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே பாரிசுக்கு அடுத்த பெருநகரமாகக் கருதப்பட்டது. அத்தனை நெசவாளர் குடும்பங்களுக்கும் சோறு போட, லையே ஆற்றில் வரும் தானியத்தில் நான்கில் ஒரு பங்கை இங்கே இறக்கிச் சேமித்தாக வேண்டும் என்ற உரிமையை நகரம் வைத்திருந்தது. அந்தத் தானியத்தைக் காத்த கற்கிடங்கு, 1200ஐ ஒட்டிக் கட்டப்பட்டது, கிராஸ்லையில் இன்னும் நிற்கிறது. அதே வரிசையில் உள்ள கொத்தனார் சங்கக் கட்டடம் 1913ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட மறுபடைப்பு. அசல் முகப்பு சில நூறு அடிகள் தள்ளி, புனித நிக்கோலஸ் ஆலயத்தின் அருகில், 1976இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டையும் பார்த்து ஒப்பிடுங்கள். ஆனால் ஆற்றைப் பார்த்த அறையை இங்கே எடுக்காதீர்கள். கோடை மாலைகளில் இந்தக் கரைக் கற்களில் இளைஞர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள், மணிக்கூண்டின் மணிகளோ கால் மணிக்கு ஒருமுறை இசைக்கும். இங்கேதான் தங்க வேண்டும் என்றால், கட்டடத்தின் பின்புறம் பார்த்த அறையைக் கேட்டு வாங்குங்கள்.

கரையிலிருந்து ஐந்து நிமிட நடையில் கிராவென்ஸ்டீன் கோட்டை வரும். கென்ட் அடங்கிய ஃபிளாண்டர்ஸ் பகுதியை ஆண்ட கோமகன் அல்சேஸின் ஃபிலிப் 1180இல் இதைக் கட்டினார். பின்னாளில் நீதிமன்றமாகவும் சிறையாகவும் இருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சாலையாகவே மாறிய கோட்டை இது. இதன் சுவர்களுக்குள் தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்தன என்பதை உள்ளே போகும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1800ஐ ஒட்டி லீவன் பவ்வென்ஸ் என்பவர் இங்கிலாந்திலிருந்து நூற்பு இயந்திரத்தின் பாகங்களைக் கள்ளத்தனமாகக் கடத்திவந்த பிறகே, நெசவு மறைந்து நலிந்திருந்த கென்ட் மீண்டும் தலைநிமிர்ந்தது. கோட்டைக்கு எதிரே பாட்டர்ஸ்ஹோல். கார்மெல் சபைத் துறவிகள் வாழ்ந்த மடத்தைச் சுற்றிய சந்துகள். ஆலைக்காலத்தில் நெரிசலான ஏழைக் குடியிருப்பாகி, இடிக்கப்படும் நிலைக்கு வந்து, 1980களில் மீட்கப்பட்டது. இன்று உணவகங்கள் நிறைந்த அழகான வட்டாரம். சாப்பிடப் போகலாம். தங்க வேண்டாம் என்பேன்: இந்த வீடுகள் குறுகலானவை, படிகள் ஏணிபோல் செங்குத்தானவை, லிஃப்ட் அரிது.

கோட்டைக்கு மேற்கே பிரின்சென்ஹோஃப். உங்களுக்கு ஏற்றது இதுதான். கோட்டை வாழ வசதியில்லாமல் போனபோது கோமகன்கள் குடியேறிய அரண்மனை இங்கே இருந்தது; பிற்காலத்தில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆனவர் 1500 பிப்ரவரி 24 அன்று இங்கேதான் பிறந்தார். ஸ்பெயினும் அதன் அமெரிக்க நிலங்களும் ஜெர்மானிய நாடுகளும் ஒரே ஆளின் கீழ் வந்த காலத்தில், அந்த ஆள் கென்ட் நகரத்துப் பிள்ளை. ஆனால் 1539இல் அவருடைய போர்ச்செலவுக்கான வரியைக் கட்ட முடியாது என்று பிறந்த ஊரே எழுந்து நின்றது. அடுத்த ஆண்டு அவர் படையோடு வந்தார். தலைவர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள். நகரப் பெரியவர்களும் நெசவாளர்களும் வெறுங்காலோடு, கழுத்தில் தூக்குக்கயிற்றை மாட்டிக்கொண்டு ஊர்வலமாக வந்து அவர் முன் மண்டியிட்டார்கள். ஊரின் உரிமைகள் பறிக்கப்பட்டன. கிழக்கே இருந்த பழைய புனித பாவோ மடத்தை இடித்து, நகரைக் கண்காணிக்க ஒரு ஸ்பானியக் கோட்டையை எழுப்பினார். கென்ட் மக்கள் அந்த அவமானத்தை மறைக்கவில்லை. 'கயிறு சுமப்போர்' என்று தங்களையே அழைத்துக்கொண்டார்கள். இன்றும் திருவிழாவில் கழுத்தில் கயிற்றோடு ஒரு குழு ஊர்வலம் போகிறது. ஃபிளாண்டர்ஸ் ஊர்களில் எனக்கு மிக நெருக்கமானது கென்ட் என்பதற்கு இந்த ஒரு வழக்கமே போதும்.

அந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது 'இருண்ட வாயில்' எனப்படும் ஒரு வளைவு மட்டும்தான். அருகிலேயே கயிறு சுமப்பவரின் சிலை ஒன்றும் இருக்கிறது. சுற்றிலும் தாழ்வான வீடுகள், சிறு பாலங்கள், கால்வாய் ஓரத்து மரங்கள். ஒட்டினாற்போல் பழைய புனித எலிசபெத் பெகினாஜ் வட்டாரம் தொடங்குகிறது. திருமணம் செய்யாமல், ஆனால் கன்னியர் மட விதிகளுக்கும் முழுதும் கட்டுப்படாமல், பெண்கள் கூடி உழைத்து வாழ்ந்த குடியிருப்பு அது. மையத்திலிருந்து பத்து நிமிட நடைதான் என்றாலும் இரவில் இங்கே காலடிச் சத்தம்கூடத் தனியாகக் கேட்கும். பெரிய ஓட்டல்கள் குறைவு. வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறைகளும் சிறு விடுதிகளும்தான் அதிகம். அவற்றில் தரைத்தள அறை கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், கோட்டைக்கும் பிரின்சென்ஹோஃபுக்கும் இடைப்பட்ட தெருக்களில் லிஃப்ட் உள்ள ஓட்டலைத் தேடுங்கள். கோட்டையருகே டிராம் நிறுத்தமும் உண்டு.

இந்த ஊரில் வெளியூர்க்காரர் தங்கிய வரலாறே சுவையானது. 1814இல் இங்கிலாந்தும் அமெரிக்காவும் தங்கள் போரை முடித்துக்கொள்ளப் பேசிய இடம் கென்ட். பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஜான் குவின்சி ஆடம்ஸ் உள்ளிட்ட அமெரிக்கத் தூதர்கள் இன்றைய கடைவீதியான வெல்ட்ஸ்ட்ராட்டில் ஒரு மாளிகையில் மாதக்கணக்கில் தங்கினார்கள். பிரிட்டிஷ் தூதர்கள் தங்கியிருந்த பழைய கார்த்தூசிய மடத்தில் டிசம்பர் 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே, எல்பா தீவிலிருந்து நெப்போலியன் திரும்பிவந்ததும் பாரிசை விட்டு ஓடிவந்த பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயி, வாட்டர்லூ போர் முடியும்வரை அதே தெருவின் ஹானே ஸ்டேன்ஹாய்சே மாளிகையில் அடைக்கலமாக இருந்தார். பழைய கட்டடத்தில்தான் உறங்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கும் இருந்தால், ஓட்டலாக மாற்றப்பட்ட முன்னாள் மடமும், கோரென்மார்க்ட் சதுக்கத்தில் பழைய தபால் நிலையத்தின் மாடிகளில் அமைந்த ஓட்டலும் உண்டு. ஒரே ஓர் இரவுக்கு இத்தகைய இடத்தை வைத்துக்கொள்ளலாம். ஐந்து இரவுக்கும் வேண்டாம்.

ரயில் நிலையத்தைப் பற்றிய கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. சின்ட் பீட்டர்ஸ் நிலையம் 1913 கண்காட்சிக்காக நகரின் தெற்கே கட்டப்பட்டது. பழைய நகரம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். அருகில் தங்கினால் அறை சற்று மலிவாகக் கிடைக்கலாம், புரூஜுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் அரை மணி நேரத்தில் போய்வரலாம். ஆனால் மாலையில் விளக்கேற்றிய நகரத்தைப் பார்த்துவிட்டு அறைக்கு நடந்து திரும்பும் இன்பத்தை இழந்துவிடுவீர்கள். நிலையத்துக்கும் மையத்துக்கும் இடையே, புனித பீட்டர் மடத்தைச் சுற்றிய மேட்டில், பல்கலைக்கழக வட்டாரம் இருக்கிறது. மகளின் அறை அங்கே இருக்கவும் கூடும். அதிலும் ஓவர்போர்ட் தெரு மாணவர்களின் மதுக்கடைத் தெரு என்பதால் அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அறையைப் பதிவு செய்யும்முன் விடுதிக்கு நேரடியாக எழுதி மூன்று விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். முதலாவது, லிஃப்ட் உங்கள் அறை இருக்கும் தளம்வரை போகிறதா என்பது; பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருந்தும் கடைசி அரை மாடி படியேற வேண்டியிருப்பது வழக்கம். அடுத்து, கார் எங்கே வரை வரும் என்பது. 2017 முதல் நகர மையத்தின் பெரும்பகுதி கார் இல்லாத பகுதி, கருங்கல் பாவிய தெருவில் சக்கரப்பெட்டியை இழுப்பது உங்கள் முழங்காலுக்கு நல்லதல்ல. மூன்றாவது, நகரம் வசூலிக்கும் சுற்றுலா வரி வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்பது. ரயிலில் வரும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: ஊர்ப்பெயர் டச்சு மொழியில் 'கெண்ட்' என்பதுபோல் ஒலித்தாலும், பிரஸ்ஸல்ஸ் அறிவிப்புகளில் 'கான்' என்ற பிரெஞ்சுப் பெயரும் வரும், இரண்டும் ஒரே ஊர்தான்.

உங்கள் மனைவியின் உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். 2009 முதல் வியாழக்கிழமையைச் சைவ நாளாக அறிவித்து ஊக்குவிக்கும் நகரம் இது; சைவ உணவகங்கள் மையத்திலேயே உண்டு, மற்ற உணவகங்களும் சைவம் என்றால் புரிந்துகொள்வார்கள். ஆனால் தெருவோரக் கடைகளின் உருளைக்கிழங்கு வறுவலில் எச்சரிக்கை தேவை: பெல்ஜியத்தில் அதை மாட்டுக்கொழுப்பில் பொரிப்பது மரபு. தாவர எண்ணெயா என்று கேட்காமல் வாங்க வேண்டாம். காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம். ஐந்து நாட்களுக்குச் சிறு சமையலறை உள்ள அறை கிடைத்தால் இன்னும் நிம்மதி. சோறும் ரசமும் வைக்க மகள் இருக்கிறாளே.

கடைசியாக ஒரு முன்பதிவு. புனித பாவோ பேராலயத்தில் உள்ள, ஹூபெர்ட், யான் வான் ஐக் சகோதரர்கள் தீட்டி 1432இல் முடிந்த பலிபீட ஓவியத்துக்கு நேரம் குறித்த அனுமதிச்சீட்டு வேண்டும். அறையோடு சேர்த்து அதையும் பதிவு செய்துவிடுங்கள். அதன் ஒரு பலகை 1934இல் திருடுபோய் இன்றுவரை கிடைக்கவில்லை; அந்த இடத்தில் நீங்கள் காண்பது நகல். காலைச் சீட்டாக வாங்குங்கள், கூட்டம் சேர்வதற்கு முன் நின்று பார்க்கலாம். அங்கிருந்து வெள்ளிக்கிழமைச் சந்தைச் சதுக்கம் பக்கம்தான். 1340 ஜனவரியில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட், நெசவாளர்களுக்கு ஆங்கிலேயக் கம்பளி தடையின்றி வர வழி செய்த கென்ட் நகரத் தலைவர் யாக்கோப் வான் ஆர்ட்டவெல்டின் துணையோடு, பிரான்சின் அரசராகத் தன்னை அறிவித்துக்கொண்ட இடம் அது. இங்கிலாந்து இருக்கும் திசையை நோக்கி ஆர்ட்டவெல்டின் சிலை கை நீட்டி நிற்கிறது. அதன் கீழே உட்கார்ந்து கால் ஓய்வெடுக்கப் படிகள் உண்டு.