அணுக்கழிவைப் புதைக்க இடம் எப்படித் தேர்வாகிறது? காரைக்குடிச் செம்புறாங்கல் பூமி தேறுமா?

தேறாது. காரணம் தண்ணீர். புதைத்த கழிவு மேலே வர நிலத்தடி நீர்தான் முக்கிய வழி. செம்புறாங்கல்லும் மணற்பாறையும் மழைநீரை உள்ளே விடும். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். குடிநீர் ஊறும் நிலத்தை முதல் சுற்றிலேயே கழித்துவிட வேண்டும்.

ஜெர்மனியின் 2017 சட்டம் அளவே போட்டிருக்கிறது: கழிவை அடைக்கும் பாறை 300 மீட்டருக்குக் கீழே, பொதுவாக 100 மீட்டர் தடிமனில் இருக்க வேண்டும். நிலநடுக்கப் பிளவு, எரிமலை, பழைய சுரங்கம் இருந்தால் நீக்கம். சுரங்கத்தை ஏன் நீக்குகிறார்கள் என்பதற்கு அங்குள்ள ஆஸே உப்புச் சுரங்கமே சாட்சி. கைவசம் இருக்கிறதே என்று சுமார் 1,26,000 கழிவு உருளைகளை இறக்கினார்கள். உப்பை ஓரம்வரை வெட்டியிருந்ததால் சுவர் தாங்கவில்லை. 1988 முதல் உள்ளே நீர் கசிகிறது.

பாறை தேறினாலும் ஊர் ஒப்ப வேண்டும். பின்லாந்து நாடு முழுக்கச் சலித்து, நான்கு இடங்களை விரிவாக ஆராய்ந்து, மறுக்கும் உரிமையுள்ள யூராயோக்கி ஊராட்சி சம்மதித்த பிறகே அங்குள்ள ஒல்கிலுவோட்டோவை எடுத்தது. அமெரிக்கா 1987இல் யக்கா மலையை மட்டும் சட்டத்தால் குறித்தது. மலை இருக்கும் நெவாடா மாநிலம் எதிர்த்தது, கிடங்கு இன்னும் வரவில்லை.

இந்தியாவில் உயர்நிலைக் கழிவை, அதாவது கதிர்வீச்சு மிகுந்ததை, கண்ணாடியாக உருக்கிக் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள்; ஆழ்கிடங்கு இன்னும் இல்லை.