அரசு நிர்வாகத்திலிருந்து தொண்டு நிறுவனத் தலைமைக்கு: நேர்காணலில் ஏன் நிற்கிறது?

தொண்டு நிறுவனத் தலைமைப் பதவிக்கு மூன்று நேர்காணல் போயும் தேர்வாகவில்லை, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். மூன்றிலும் உங்களைத் தடுத்தது அனுபவக் குறைவு அல்ல. இருபது வருட அரசுப் பணியில் பெரிய நிதியைச் செலவழித்த கதை உங்கள் விண்ணப்பத்தில் இருக்கிறது. நிதியைத் திரட்டியதாக ஒரு வரிகூட இல்லை. நிறுவனத்தை மேற்பார்வையிட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழு தேடுவது அதைத்தான்.

அரசுத் துறைக்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடு வரும். தொண்டு நிறுவனத்தில் நன்கொடை சரிந்தால் சம்பளமே சிக்கலாகிவிடும். கையில் இருக்கும் பணத்திலும் ஒரு பகுதியைக் கொடுத்தவர் சொன்ன வேலைக்கு மட்டுமே தொடலாம். இந்தப் பதற்றம் உங்களுக்குப் புரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

ஒன்று செய்து பாருங்கள். அடுத்து விண்ணப்பிக்கும் அமைப்பின் தணிக்கை செய்த கணக்கை எடுத்து, நிபந்தனையில்லாத, அதாவது எந்த வேலைக்கும் செலவழிக்கக்கூடிய, கையிருப்பைச் சராசரி மாதச் செலவால் வகுங்கள். வருமானம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும் என்பது தெரியும். அந்த எண்ணை வைத்து ஐந்து நிமிடம் தடுமாறாமல் பேச முடியாவிட்டால் இடைவெளி அங்கேதான்.

நேராகத் தாவவும் வேண்டாம். பிரிட்டனில் பீட்டர் வான்லெஸ் அரசுத் துறைகளில் இருந்துவிட்டு, 2008-ல் லாட்டரிப் பணத்தை மானியமாகப் பகிரும் பிக் லாட்டரி ஃபண்டுக்குத் தலைமை ஏற்றார். 2013-ல்தான் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பான என்எஸ்பிசிசிக்குப் போனார். மானியம் தரும் இடம் உங்களுக்கும் நல்ல பாலமாக இருக்கும்.

அப்புறம், பணியில் இருக்கும்போதே அறங்காவலராகச் சேர்வதானால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உங்கள் துறை நிதி தரும் அமைப்பு என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.