கேட்காமலே மேசைக்கு வரும் கிண்ணம்: ஒதோஷி என்றால் என்ன?

டோக்கியோவில் ஓர் இசகாயாவுக்குள், அதாவது குடித்துக்கொண்டே சின்னச் சின்னத் தட்டுகளாகச் சாப்பிடும் கடைக்குள், நுழைந்து உட்கார்ந்தால், நீங்கள் கேட்காத ஒரு குட்டிக் கிண்ணம் முன்னால் வந்துவிடும். அதுதான் ஒதோஷி. ஒசாகா பக்கம் சுகிதாஷி என்பார்கள். உள்ளே இருப்பது அன்றன்றைக்கு மாறும்: உப்புப் போட்டு வேகவைத்த எடமாமே என்ற பச்சை சோயா பீன்ஸ், சோயா சாஸில் வெந்த முள்ளங்கி, சில நேரம் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட். பில்லில் ஆளுக்குப் பெரும்பாலும் 300 முதல் 500 யென் ஏறியிருக்கும்.

எதற்காக? உங்கள் ஆர்டர் சமையலறைக்குப் ‘போய்ச் சேர்ந்தது’ என்பதற்கு அடையாளம் என்று இந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். முதல் தட்டு வரும்வரை பீருக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே! அப்புறம் உண்மையான காரணம்: இது இருக்கைக் கட்டணம். ஜப்பானில் டிப்ஸ் வழக்கம் கிடையாது. ஒரே ஒரு பீரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருபவரிடமிருந்தும் கடைக்குக் கொஞ்சம் வர வேண்டும். டாக்ஸியில் ஏறியதுமே மீட்டர் ஒரு தொகையைக் காட்டுமே, அதுபோலத்தான். என்ன, இங்கே கூடவே ஒரு வாய் சாப்பாடும் கிடைக்கிறது.

வேண்டாம் என்றால் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சில கடைகள் விட்டுக்கொடுக்கும். சாப்பிட்டு முடித்தபின் வாதாடினால் சங்கடம்தான்.

வெளிநாட்டுக்காரர்களை ஏமாற்றுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பக்கத்து மேசையில் இருக்கும் ஜப்பானியரும் அதே காசைத்தான் கொடுக்கிறார்.