பழைய விளையாட்டுகளும் கைபேசித் திரையும்: கேள்வி-பதில்

கேள்வி: எமுலேட்டரில் (பழைய விளையாட்டுக் கருவியைப் போலவே இயங்கும் செயலியில்) கேம் பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவியின் விளையாட்டுகளை ஆடும்போது, காட்சி நகர்கையில் எழுத்துகளும் சுவர்க் கோடுகளும் நெளிகின்றன. கைபேசியில் கோளாறா?

பதில்: கைபேசியில் கோளாறு இல்லை, காரணம் ஒரு வகுத்தல் கணக்கு. 2001-இல் வெளிவந்த அந்தக் கருவியின் திரை 240×160 பிக்சல்கள் கொண்டது. உங்கள் கைபேசித் திரை 2400×1080 என்றால், அதைக் கிடையாகப் பிடிக்கும்போது 160 வரிகளை 1080 பிக்சல் உயரத்துக்குப் பரப்ப வேண்டும், அது 6.75 மடங்கு. முக்கால் பிக்சலை எந்தத் திரையாலும் காட்ட முடியாது என்பதால், சில வரிகள் 7 பிக்சல் தடிமனாகவும் சில வரிகள் 6 பிக்சல் தடிமனாகவும் வரையப்படுகின்றன. காட்சி நகரும்போது ஒரே கோடு தடித்தும் மெலிந்தும் மாறுவதுதான் உங்கள் கண்ணுக்கு நெளிவாகப் படுகிறது.

எமுலேட்டர்களை இயக்கும் ரெட்ரோஆர்ச் செயலியின் வீடியோ அமைப்புகளில், ஸ்கேலிங் என்ற பகுதிக்குள், படத்தை முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும் 'இன்டிஜர் ஸ்கேல்' இருக்கிறது. அதை இயக்கினால் படம் சரியாக 6 மடங்காகி, 1440×960 அளவில் நிற்கும். மேலேயும் கீழேயும் தலா 60 பிக்சல்கள் கறுப்பாக விடுபடும். இரு பக்கமும் எஞ்சும் தலா 480 பிக்சல்களில் தொடுபொத்தான்களைப் படத்தை மறைக்காமல் வைத்துக்கொள்ளலாம். திரை வீணாகிறதே என்று பலர் வருந்துகிறார்கள். ஆடத் தொடங்கிய சற்று நேரத்தில் கண் அந்தக் கறுப்பை மறந்துவிடும், நெளிவை மட்டும் மறக்கவே மறக்காது என்பது என் அனுபவம். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் 'ஷார்ப் பைலீனியர்' ஷேடரை (படத்தைத் திரைக்கு வருமுன் மாற்றியமைக்கும் சிறு நிரலை) பயன்படுத்துங்கள். அது படத்தை முதலில் முழு மடங்கில் பெரிதாக்கிவிட்டு, மிஞ்சும் பின்னத்தை மட்டும் மென்மையாக்கி நிரப்பும்.

கேள்வி: சூப்பர் நின்டெண்டோ விளையாட்டுகளுக்கு 8:7 விகிதம் சரியா, 4:3 சரியா?

பதில்: அந்தக் கருவி பொதுவாக 256×224 பிக்சல்களில் படம் தருகிறது, பிக்சல்களைச் சதுரமாகக் கொண்டால் 8:7 வரும். ஆனால் அக்காலத் தொலைக்காட்சி அதே படத்தை ஏறத்தாழ 4:3 ஆக அகட்டிக் காட்டியது. அந்த அகட்டலைக் கணக்கிட்டு வரைந்த ஓவியர்களும் உண்டு, கணக்கிடாமல் வரைந்தவர்களும் உண்டு. சில சமயம் ஒரே விளையாட்டுக்குள் இரண்டும் கலந்திருக்கும். ஆகவே நிலவு, பந்து, சக்கரம் என வட்டமான ஒன்று வரும் காட்சியில் நிறுத்தி, எந்த விகிதத்தில் அது வட்டமாகத் தெரிகிறதோ அதை அந்த விளையாட்டுக்கு மட்டும் சேமித்துக்கொள்ளுங்கள். திரை முழுவதையும் நிரப்ப 20:9 ஆக இழுப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். வரைந்தவரின் உழைப்பு அங்கே உருக்குலைந்து போகிறது.

இன்னொன்று: 224 வரிகளை 5 மடங்காக்கினால் 1120 வரும், 1080-ஐ விட 40 அதிகம். மேலேயும் கீழேயும் சேர்த்து மூல வரிகளில் 8 மட்டுமே வெட்டுப்படும் என்பதால், விளிம்பை ஒட்டி மதிப்பெண் காட்டாத விளையாட்டுகளுக்கு 4 மடங்கைவிட இதுவே நல்லது.

கேள்வி: மெகா டிரைவ் கருவியின் சோனிக் விளையாட்டில் அருவி வெறும் செங்குத்துக் கோடுகளாகத் தெரிகிறதே?

பதில்: 1991-இல் வந்த அந்த விளையாட்டில் அருவி உண்மையிலேயே கோடுகளாகத்தான் வரையப்பட்டிருக்கிறது. முழுப் படத்தையும் ஒரே சமிக்ஞையாகக் கலந்து அனுப்பும் காம்போசிட் கம்பி வழியே தொலைக்காட்சிக்குச் சென்றபோது அக்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரியும் நீராக மாறின. கூர்மையான இன்றைய திரையில் அந்தக் கலப்பு நிகழாது. பழைய தொலைக்காட்சிப் படத்தைப் போலக் காட்டும் 'என்டிஎஸ்சி' வகை ஷேடர் ஒன்றைச் சேர்த்தால் நீர் திரும்பிவிடும்.

கேள்வி: பிஎஸ்பி (பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்) கைக்கருவியின் விளையாட்டுகளுக்கு ரெண்டரிங் ரெசல்யூஷனைக் கூட்டுவதும் திரை அளவை மாற்றுவதும் ஒன்றா?

பதில்: இல்லை. முன்னது முப்பரிமாண உருவங்களைக் கூடுதல் பிக்சல்களில் புதிதாக வரைகிறது. அதனால் கைபேசிக்கு வேலை கூடி, சூடும் ஏறுகிறது. பின்னது வரைந்து முடித்த படத்தைத் திரையில் பரப்புவது மட்டுமே. பிஎஸ்பியின் 272 வரிகளை 4 மடங்காக்கினால் 1088 வருகிறது; மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மூல வரிகளை (8 பிக்சல்) விட்டுக்கொடுத்தால் 1080 திரையில் மிகச் சரியாக அமர்ந்துவிடும்.