ரெண்டு நைட் குன்னூர்: முட்டி வலி அம்மா, 7 வயசு பையன், டிக்கெட் கிடைக்காத மலை ரயில்

திருச்சியில இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார்: ஜனவரி கடைசியில ரெண்டு நைட் லீவு, சொந்த கார், கூட மனைவி, 7 வயசு பையன், முட்டி வலி இருக்கிற அம்மா. ரூம் ஊட்டியில போடறதா குன்னூர்லயா, மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ரயில் பாத்தா வெயிட்டிங் லிஸ்ட்டா இருக்கு, பையன் அதுக்காகவே வர்றான், என்ன பண்றது?

குன்னூர்லயே போடுங்க சார், யோசிக்கவே வேணாம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல, ஜனவரியில அங்க விடிகாலையில புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கிடக்கும், பாக்க அழகுதான், ஆனா அம்மா முட்டிக்கு அது ஆகாது. குன்னூர் ஒரு 1,850 மீட்டர், குளிர் இருக்கும், ஆனா ஒரு ஸ்வெட்டர் ஒரு மஃப்ளர்ல தாங்கிடலாம். குடியரசு தினம் ஒட்டி வர்ற லாங் வீக்கெண்டை மட்டும் தவிர்த்துடுங்க, இல்லேன்னா மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறுற பர்லியார் ரோட்டுலயே பாதி லீவு போயிடும்.

ரூம் புக் பண்ணும்போது ஹீட்டர் இருக்கா, வைஃபை இருக்கான்னு எல்லாரும் கேப்பாங்க, நீங்க கேக்க வேண்டியது "கார் நிக்கிற இடத்துல இருந்து ரூமுக்கு எத்தனை படி?" மலையில கட்டின ஊரு, நல்ல வியூ இருக்கிற ரூமுன்னா பெரும்பாலும் ரோட்டுக்கு கீழ சரிவுலதான் இருக்கும். நான் ஒரு தடவ எங்க பெரியம்மாவ கூட்டிட்டு போய் இத கேக்காம விட்டேன், 52 படி, அவங்க இறங்கினவங்க இறங்கினவங்கதான், ரெண்டு நாளும் ஜன்னல் வழியாவே குன்னூர பாத்துட்டு திரும்பினாங்க.

இ-பாஸ் மறந்துடாதீங்க. 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு வெளியூர் வண்டி ஏறணும்னா கட்டாயம், ஆன்லைன்ல ஃப்ரீயாவே எடுக்கலாம், கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்து போன்ல வச்சுக்குங்க. பிளாஸ்டிக் வாட்டர் பாட்டிலுக்கும் அங்க தடை, வீட்டுல இருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டு வாங்க. மலை அடிவாரத்துல இருக்கிற கல்லாறு தாண்டினதும் கொண்டை ஊசி வளைவு ஆரம்பிச்சுடும், பையனுக்கு அதுக்கு முன்னாடி வயிறு முட்ட பூரி மசால் வாங்கிக் குடுக்காதீங்க, அப்புறம் பின் சீட்டை யாரு கழுவறது.

இப்ப ரயில் விஷயம். நிறைய பேருக்குத் தெரியாதது என்னன்னா குன்னூர்ல இருந்து ஊட்டி வரைக்கும் டீசல் இன்ஜின்தான். புகை, விசில், நடு தண்டவாளத்துல பல்சக்கரம் கடிச்சு ஏறுறது, அதெல்லாம் மேட்டுப்பாளையம் - குன்னூர் பக்கம். 1899ல போட்ட பாதை அது, பல்லு இருக்கிறது கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும். பையன் கேக்கறது கண்டிப்பா அந்த நீராவி ரயிலத்தான். காலையில ஏறுற வண்டியிலதான் எல்லாரும் அடிச்சுக்கறாங்க, நீங்க மதியம் ஊட்டியில இருந்து கீழ வர்ற வண்டியில குன்னூர் - மேட்டுப்பாளையம்னு போட்டுப் பாருங்க, சீட் கிடைக்க வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஊருக்கு திரும்பற அன்னிக்கு பையனும் உங்க வீட்டம்மாவும் ரயில்ல மலை இறங்கட்டும், நீங்க அம்மாவ உக்கார வச்சு கார்ல இறங்கி மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல நில்லுங்க. உங்களுக்கு ரயில் போச்சுதான், அப்பாவா இருக்கறதுல இதெல்லாம் சகஜம். அம்மாவ ரயில்ல ஏத்த வேணாம்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு, காலை நீட்ட இடமில்லாத சீட்டு, பெட்டியில டாய்லெட் கிடையாது, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். நடுவுல ஹில்குரோவ் ஸ்டேஷன்ல வண்டி நிக்கும், அங்க கையில வடைய வச்சுக்கிட்டு போட்டோ எடுக்க வேணாம்னு அவங்ககிட்ட சொல்லி விடுங்க, குரங்கு பின்னாடி வந்து அவங்கள விட நாசூக்கா எடுத்துட்டுப் போயிடும். மழைக்காலத்துல மண்ணு சரிஞ்சா ரயில நிறுத்திடுவாங்க, ஜனவரியில அந்த பயம் கம்மி.

கார்ல இறங்கறப்போ பிரேக்க மிதிச்சுக்கிட்டே வராதீங்க, ஏறின கியர்லயே இறங்கணும்னு மலை டிரைவருங்க சொல்றது சும்மா இல்ல, செகண்ட் கியர்ல விட்டா இன்ஜினே வண்டிய பிடிச்சுக்கும். கருகின வாடை வந்தா ஓரமா நிறுத்தி ஆற விடுங்க.

நடுவுல இருக்கிற முழு நாள்ல காலையில 8 மணிக்கே லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ்னு ரெண்டு வியூ பாயின்ட் பக்கம் கிளம்பிடுங்க. மதியத்துக்கு மேல பல நாள் மேகம் ஏறி மூடிடும், அப்புறம் வெள்ளைச் சுவரைத்தான் பாத்துட்டு வரணும். டால்பின் நோஸ்ல இருந்து எதிர்ல கேத்தரின் அருவி தெரியும். லேம்ப்ஸ் ராக்ல கரடுமுரடா கொஞ்சம் நடை இருக்கு, அம்மா வண்டியிலயே இருக்கட்டும். சிம்ஸ் பார்க் 1874ல ஆரம்பிச்சது, மரத்துக்காகவே போகலாம், உள்ள ருத்ராட்ச மரம் கூட இருக்கு, ஆனா ஜனவரியில பூ அவ்வளவா எதிர்பாக்காதீங்க, அது மே மாச சீசனுக்கு. முக்கியமா தோட்டமே சரிவுல கீழ கீழ போகுது, அம்மாவுக்கு மேல கேட் பக்கத்து பெஞ்சே போதும்.

வாங்கறதுன்னா வர்க்கியும் (அந்த ஊரு பேக்கரி பிஸ்கட்) டீத்தூளும்தான், மத்ததெல்லாம் திருச்சியிலயே கிடைக்கும். வர்க்கி கிளம்பற அன்னிக்கு வாங்குங்க, ஒண்ண உடைச்சுப் பாருங்க, மொறுமொறுன்னு ஏடு ஏடா பிரிஞ்சு சட்டையெல்லாம் தூள் கொட்டணும், கொட்டலேன்னா பழசு, அடுத்த கடைக்குப் போங்க.